கண்ணகியும் தேவதாசும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் துயரின் சமூக வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

1. முன்னுரை

துயரம் தனிமனிதருக்கே உரியது என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. ஒருவரது இழப்பை இன்னொருவர் முற்றாக உணர்ந்துகொள்ள இயலாது என்பது அனுபவ உண்மையே. ஆயினும் இழந்தவர் எங்கே அழலாம், எத்தனை நாள் அழலாம், எவர் முன்னிலையில் அழலாம், அழுகை ஓய்ந்தபின் யாது செய்தல் வேண்டும் என்பனவற்றை எக்காலத்தும் சமூகமே வகுத்து வந்துள்ளது. சாவீட்டுப் பறை, ஒப்பாரி, எட்டு, முப்பத்தொன்று, ஆட்டைத் திவசம் ஆகிய யாவும் இவ்வகுப்பின் வடிவங்களாகும். எனவே காதலுக்கும் வீரத்துக்கும் வரலாறு இருப்பதுபோலத் துயருக்கும் ஒரு வரலாறு உண்டு. அது உற்பத்தி உறவுகளோடும் குடும்ப அமைப்போடும் அரச அதிகாரத்தோடும் பிணைந்தது.

இக்கட்டுரையில் நாம் இரு வடிவங்களை எதிரெதிரே வைத்து நோக்க முனைகின்றோம். ஒன்று, மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வைகாசி மாதந்தோறும் நிகழும் கண்ணகி அம்மன் சடங்கு. மற்றையது, தமிழ்ச் சினிமாவின் துயரநாயகர்க்கெல்லாம் முன்மாதிரியாக அமைந்த 1953ஆம் ஆண்டுத் ‘தேவதாஸ்’. இரண்டும் இழப்பைப் பற்றியவை. முன்னதில் இழப்பு நீதி கேட்டு அரண்மனை வாயிலுக்குச் செல்கின்றது. பின்னதில் அது மதுக்கிண்ணத்துள் இறங்கி நாயகனை அழிக்கின்றது.

முற்போக்கு விமரிசனம் பின்னதனைத் ‘தப்பித்தல்வாதம்’ என்ற ஒரு சொல்லால் தீர்த்துவிடுவது வழக்கம். அச்சொல் பொருத்தமற்றது அன்று. ஆனால் அது போதுமானதும் அன்று. எதிலிருந்து தப்பித்தல், எங்கே தப்பித்தல், அத்தப்பித்தலுக்கு விலை கொடுப்பவர் யார் என்னும் வினாக்களை எழுப்பாதவிடத்து அச்சொல் விளக்கமாக அமையாது, வெறும் வசையாகவே எஞ்சும். 1844இல் மதம் பற்றி எழுதிய மார்க்ஸ் அதனை அபினுக்கு ஒப்பிடுமுன்னர், அது மெய்யான துன்பத்தின் வெளிப்பாடாகவும் அத்துன்பத்துக்கெதிரான குரலாகவும் ஒருங்கே அமைவதைச் சுட்டியிருந்தார் என்பதை இவ்விடத்து நினைவுகூர்தல் தகும். மயக்கத்தைக் கண்டிப்பவர் முதலில் வலியை அறிந்திருத்தல் வேண்டும்.

2. வாவியும் அதன் சமூக அமைப்பும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் கீழ்க்கரை எழுவான்கரை எனவும் மேற்கரை படுவான்கரை எனவும் வழங்கும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் நெருக்கமான ஊர்களும் தென்னந்தோட்டங்களும் மீன்பிடியும். படுவான்கரையில் வயல்வெளியும் கால்நடையும் காடும். நகரமும் பாடசாலைகளும் கச்சேரியும் எழுவான்கரைப் பக்கமே அமைந்தமையால், இவ்விரு சொற்களும் திசையை மாத்திரமன்றி வசதியின் ஏற்றத்தாழ்வையும் குறிப்பனவாயின.

இப்பிரதேசத்தின் வேளாண்மை நெடுங்காலம் போடியார் முறையைத் தழுவி நின்றது. பெருநிலமுடைய போடியார், அவருக்காக வட்டையில் பயிர்ச்செய்கையை நடத்தும் முல்லைக்காரர், அவர்க்குக் கீழே கூலிக்கு உழைப்போர் என்ற அடுக்கு அதன் சாரம். இதனுடன் தாய்வழிக் குடிமுறையும் இணைந்திருந்தது. குடி தாய்வழியே வந்தது. வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணுக்குச் சென்றன. மணமகன் மனைவி வீட்டுக்கு வந்தான். அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு நீண்டகாலம் ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வரே 2008இல் வெளியிட்ட நூல், தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் இத்தாய்வழி அமைப்பு பொதுவாக நிலவுவதை விரிவாகக் காட்டுகின்றது.

பெண்ணிடத்து வீடு இருந்தமை பெண்ணிடத்து அதிகாரம் இருந்தமைக்குச் சமம் என்று நாம் கூறவில்லை. கோயில் உரிமையும் ஊர்த் தலைமையும் ஆண்களிடமே இருந்தன. ஆயினும் கணவனை இழந்த பெண் தன் வீட்டிலேயே, தன் தாயும் சகோதரியரும் சூழ்ந்திருக்கும் வளவிலேயே வாழ்ந்தாள் என்பது சிறிய வேறுபாடன்று. கணவனை இழந்தும் வீழாது எழுந்து நின்ற ஒருத்தி இவ்வாவிக்கரையின் தலையாய தெய்வங்களுள் ஒன்றாக நிலைபெற்றமைக்கு இவ்வமைப்பு ஒரு நிலைக்களனாக இருந்திருத்தல் கூடும்.

3. கதவு திறத்தல்: கண்ணகி சடங்கு

தம்பிலுவில், பட்டிமேடு, காரைதீவு, செட்டிபாளையம் முதலாகப் பல ஊர்களில் கண்ணகி அம்மன் கோயில்கள் உள. ஆண்டின் பெரும்பகுதி பூட்டியிருக்கும் இக்கோயில்கள், பெரும்போக அறுவடை முடிந்து வெயில் கடுமையாகும் வைகாசியிற் கதவு திறக்கப்படுவன. கதவு திறத்தல், கல்யாணக்கால் நடுதல், வழக்குரை பாடுதல், குளிர்த்தி என்ற ஒழுங்கில் சடங்கு நடைபெறும். சடங்கு நாட்களிற் பாடப்படும் ‘கண்ணகி வழக்குரை’ வாய்மொழியாகவும் ஏட்டுப்பிரதியாகவும் பேணப்பட்டு வந்தது. ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதிய வி. சீ. கந்தையா அதனை 1968இல் பதிப்பித்தார். தமிழரது கண்ணகியையும் சிங்கள மக்களது பத்தினியையும் ஒருசேர ஆராய்ந்த கணநாத் ஒபயசேகர, 1984இல் வெளிவந்த தமது பெருநூலில் கிழக்கிலங்கைச் சடங்குகளுக்கு முக்கிய இடம் கொடுத்துள்ளார்.

இச்சடங்கின் உள்ளமைப்பு நமது கவனத்துக்குரியது. முதலில் மணவிழா நிகழ்கின்றது. ஊரே திருமண வீடாகின்றது. பின்னர் கதைப்பாடலிற் பொருளிழப்பும் பிரிவும் கொலையும் வருகின்றன. கண்ணகி வழக்குரைக்கின்றாள், மதுரை எரிகின்றது. இறுதியில், எரித்த தெய்வத்தின் வெம்மையைத் தணிக்கும் குளிர்த்தி பாடப்படுகின்றது. கோடை, வறட்சி, வைசூரி ஆகிய யாவும் தெய்வத்தின் வெம்மையாக விளங்கிக்கொள்ளப்பட்டமையால், அவளைக் குளிர்வித்தல் ஊரைக் குளிர்வித்தலும் ஆயிற்று.

இங்கு மூன்று கூறுகளை வேறுபடுத்திக் காணலாம். முதலாவது, துயருக்கு ஒரு முகவரி உண்டு. கோவலன் விதியால் மாண்டான் என்று கதை கூறினும், கண்ணகி விதியிடம் முறையிடவில்லை. தவறான தீர்ப்பு வழங்கிய அரசனிடம் செல்கின்றாள். இரண்டாவது, துயர் ஓர் ஆதாரத்தை முன்வைக்கின்றது. உடைக்கப்பட்ட சிலம்பு கண்ணீரன்று, சான்று. மூன்றாவது, சினத்துக்கு இடமளிக்கும் சடங்கு அச்சினம் ஆறுவதற்கும் இடமளிக்கின்றது. ஆற்றும் பொறுப்பை அது இழந்தவளின் தலையிற் சுமத்தாது ஊரின் தலையில் வைக்கின்றது. துயருற்றவளைத் ‘தேறிக்கொள்’ என்று சொல்லிவிட்டு விலகுவதற்கும், அவளைக் குளிர்விக்க ஊர் கூடுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

ஆயினும் இக்கூட்டுவடிவத்தை இலட்சியமாக்குதல் வரலாற்று நோக்காகாது. சாவீட்டிலும் கோயிலிலும் பறை முழங்கியோர் சாதிக்கடமையின் பேரில் முழங்கினர். அவர்தம் உழைப்பின்றிச் சடங்கு நடவாது. ஆனால் சடங்கின் மரியாதைகள் அவர்க்குக் கிட்டவில்லை. யாருடைய மரணத்துக்கு எவ்வளவு பறை, எவ்வளவு வெள்ளை என்பது வரிசைமுறையால் தீர்மானிக்கப்பட்டது. போடியாரின் மரணம் ஊர்த்துயர். கூலிக்காரனின் மரணம் வீட்டுத்துயர். நிலமானியச் சமூகம் துயரைப் பகிர்ந்தது உண்மை. சமமாகப் பகிரவில்லை என்பதும் அத்துணை உண்மை. அதனது கருத்துநிலை வரம்பும் தெளிவானது. அரசனை எரித்த தெய்வம் ஆண்டுதோறும் குளிர்விக்கப்படுகின்றாள். அரசு என்னும் நிறுவனம் எஞ்சுகின்றது.

இவ்விடத்து ஈழத்து நாடக வரலாற்றின் ஒரு நிகழ்வையும் சுட்டுதல் வேண்டும். 1960களின் நடுப்பகுதியிற் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் நெறியாள்கையில், மட்டக்களப்பு வடமோடிக் கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் தழுவி மேடையேறிய ‘இராவணேசன்’, சி. மௌனகுருவின் ஆக்கமாகும். தம்பியையும் மக்களையும் இழந்தும் தன் வழியை மாற்றாது அழிவை நோக்கி நடக்கும் மன்னன் அதன் நாயகன். சுய அழிவு இங்கும் பொருளாகின்றது. ஆனால் அரங்கின் இறுதியில் மண்டோதரியின் புலம்பல் எழுகின்றது. நாயகனின் அழிவுக்குப் பிறர் கொடுத்த விலை கண்முன் நிறுத்தப்படுகின்றது. வீரயுகத்தின் பெருமிதத்தை ஒப்பாரி திருத்தி வாசிக்கின்றது எனலாம்.

4. கதவு அடைத்தல்: தேவதாஸ்

சரத்சந்திர சட்டோபாத்தியாயரின் வங்க நாவலாகிய ‘தேவதாஸ்’ 1917இல் நூலாயிற்று. பி. சி. பரூவா 1935இல் வங்க மொழியிலும், தொடர்ந்து சைகாலை நாயகனாகக் கொண்டு இந்தியிலும் அதனைப் படமாக்கினார். தமிழ்ச் சுவைஞர் நெஞ்சில் நிலைத்தது, வேதாந்தம் ராகவையா நெறிப்படுத்த நாகேஸ்வரராவ், சாவித்திரி, லலிதா ஆகியோர் நடித்துத் தெலுங்கிலும் தமிழிலும் 1953இல் வெளிவந்த படமேயாகும். இசையமைத்த சி. ஆர். சுப்பராமன் படம் முற்றுப்பெறுமுன் 1952இல் மறைந்தார்; எஞ்சிய பணியை விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் நிறைவேற்றினர்.

கதை யாவரும் அறிந்தது. ஜமீன்தாரின் மகன் தேவதாஸ், அயல்வீட்டுப் பார்வதியைக் காதலிக்கின்றான். குலத்தையும் அந்தஸ்தையும் காட்டித் தந்தை மறுக்கின்றார். உறுதியற்ற நாயகன் பின்வாங்குகின்றான். பின் மனம் மாறி வரும்போது காலம் கடந்துவிடுகின்றது. பார்வதி முதிய ஜமீன்தார் ஒருவருக்கு இரண்டாந்தாரமாகின்றாள். நாயகன் மதுவிற் புகலிடம் தேடுகின்றான். சந்திரமுகி என்னும் தாசியின் அன்பும் அவனை மீட்கவில்லை. நோயுற்று, பார்வதிக்குக் கொடுத்த வாக்கின்படி அவள் வீட்டு வாயிலை அடைந்து அங்கேயே மடிகின்றான். அவனைக் காண ஓடிவரும் பார்வதியின் முன் கதவு அடைபடுகின்றது.

இக்கதையையும் சிலம்பின் கதையையும் அருகருகே வைத்தால் வியப்பான ஒப்புமைகள் புலப்படும். இரண்டிலும் செல்வக் குடும்பத்து இளைஞன் பொருளை இழக்கின்றான். இரண்டிலும் இரு பெண்கள் உளர், ஒருத்தி ஆடற்கலை சார்ந்தவள். இரண்டிலும் ஆண்மகன் அந்நிய ஊரில் மாள்கின்றான். ஆனால் துயரின் மையம் இடம் மாறிவிட்டது. ஒன்றில் எஞ்சியிருக்கும் பெண் வரலாற்றின் வினைமுதலாகின்றாள். வாயிற்காவலனைக் கடந்து அரசவைக்குட் செல்கின்றாள். மற்றதில் அழியும் ஆணே சுவைஞரின் முழு இரக்கத்தையும் பெறுகின்றான். பெண் கதவுக்கு உள்ளே வைக்கப்படுகின்றாள். பார்வதியின் நெற்றியில் அவன் அடித்த அடி தழும்பாகின்றது. அத்தழும்பைக் கதை காதலின் அடையாளமாக்குகின்றது. வன்முறை நினைவுச்சின்னமாக்கப்படுவதை நாம் கவனியாது விடலாகாது.

தேவதாசின் துயருக்கு முகவரி இல்லையா? உண்டு. அந்தஸ்தின் பேரால் மறுத்த தந்தை, முதியவருக்குப் பெண் கொடுக்கும் திருமண முறை, ஜமீன் என்னும் உடைமை ஆகியனவே அம்முகவரி. அவ்வாயிலுக்கு அவன் செல்லவில்லை, செல்லவும் முடியாது. ஏனெனில் அவன் அருந்தும் மதுவின் விலையும் அந்த ஜமீனின் குத்தகையிலிருந்தே வருகின்றது. 1793ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டத்தால் உருவான வங்க ஜமீன்தாரி முறையில், உழவனின் உழைப்பே நகரத்து வாரிசின் கேளிக்கையாயிற்று, துயரமுமாயிற்று. பெயர் சுட்டப்படாத குடியானவர்கள் இப்படத்தின் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் பணம் செலுத்துகின்றனர். தன் வர்க்கத்தை எதிர்க்கவும் இயலாது அதனோடு இசையவும் இயலாது நின்ற ஒருவனுக்கு எஞ்சிய ஒரே ‘கலகம்’ தன்னை அழித்தலாகும்.

சிக்மண்ட் ஃபிராய்ட், இழப்பின் துக்கத்தையும் அது தன்மீதே திரும்பிப் பகையாகும் மனச்சோர்வையும் வேறுபடுத்தி எழுதிய கட்டுரையும் 1917இலேயே வெளியாயிற்று. இது தற்செயலான ஒற்றுமையே. ஆனால் இழப்பு வெளிநோக்கிச் செல்லும் வழி அடைபட்டால் உள்நோக்கித் திரும்பும் என்ற அவதானம் பயனுடையது. அவர் தனிமனித உளத்தினுள் தேடிய அடைப்பை நாம் சமூக உறவுகளினுட் தேடுகின்றோம் என்பதே வேறுபாடு.

5. மதுவிலக்கு நாடும் தவறணை நாடும்

1953 என்ற ஆண்டு இரு கரைகளிலும் வெவ்வேறு பொருள் கொண்டது. சென்னை மாகாணத்தில் ஜமீன்களை ஒழிக்கும் சட்டம் 1948இல் நிறைவேறியிருந்தது. அதே ஆண்டில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கும் நடைமுறைக்கு வந்தது. அது 1971வரை தமிழ்நாட்டில் நீடித்தது. ஆகவே தமிழகச் சுவைஞன் திரையிற் கண்டது இரு மடங்கு தூரமானதொரு காட்சி: சட்டத்தால் மறைந்துகொண்டிருந்த ஒரு வர்க்கத்தின் வாரிசு, சட்டத்தால் விலக்கப்பட்ட ஒரு பானத்தை அருந்தி மடிகின்றான். மறையும் வர்க்கம் தன் மறைவை உலகின் நிலையாமையாகப் பாடிற்று. அப்பாட்டு ஜமீனைக் கண்டிராதவர் நாவிலும் நிலைத்தது.

இலங்கையின் நிலை வேறு. இங்கு மது விலக்கப்பட்ட பொருளாக இருக்கவில்லை. அரச வருவாயாக இருந்தது. பிரித்தானியர் ஆட்சியிற் சாராயக் குத்தகை ஏலத்தில் விடப்பட்டு, தென்னிலங்கையில் மூலதனம் திரண்ட வழிகளுள் ஒன்றாயிற்று. 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் அம்முறையை மாற்றியமைத்ததேயன்றி அரசின் அக்கறையைக் குறைக்கவில்லை. அச்சட்டத்தையொட்டி எழுந்த மதுவொழிப்பு இயக்கம் காலனித்துவ எதிர்ப்பின் தொடக்க வடிவங்களுள் ஒன்றாகியது. பட்டினத் தெருவில் ஒருபுறம் படமாளிகையும் மறுபுறம் தவறணையும் நிற்கும் ஒரு நாட்டில், திரையிற் கண்ட மயக்கத்துக்கும் தெருவில் வாங்கும் மயக்கத்துக்கும் இடையே தூரம் குறைவு.

படம் வெளியான அதே 1953இல், ஓகஸ்ட் 12ஆம் நாள், இலங்கையின் உழைக்கும் மக்கள் ஹர்த்தாலில் எழுந்தனர். பங்கீட்டு அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டமை அதன் உடனடிக் காரணம். மக்கள் வேதனை முகவரி கண்டு எழுந்த ஆண்டும், முகவரியற்ற வேதனை திரைக்காவியமான ஆண்டும் ஒன்றே. இரண்டையும் ஒரே மக்களே எதிர்கொண்டனர். ஹர்த்தாலிற் கடையடைத்தவர் மாலையில் சோகப்பாடலையும் முணுமுணுத்திருப்பர். மக்களின் உணர்வுலகு ஒருமுகப்பட்டதன்று என்பதைக் கலை வரலாற்றாசிரியர் மறத்தலாகாது.

தமிழ்ச் சினிமா பற்றி 1981இல் ஆங்கிலத்தில் எழுதிய கா. சிவத்தம்பி, படமாளிகையே தமிழர் யாவரும் சாதி வேறுபாடின்றி ஒரே கூரையின்கீழ் ஒரே நிகழ்வைக் காணக்கூடிய இடமாயிற்று என்றும், அங்கு இருக்கை பிறப்பாலன்றிக் கொடுக்கும் பணத்தால் தீர்மானிக்கப்பட்டது என்றும் சுட்டினார். கோயில் வீதியில் ஒதுக்கி நிறுத்தப்பட்டவன் இருளிற் சமமாக அழ முடிந்தது. இது முன்னேற்றமே. ஆனால் இருளில் அழுபவர் அருகருகே இருந்தும் தனித்தனியே அழுகின்றனர். கண்ணகி சடங்கில் ஏற்றத்தாழ்வுடன் கூடிய கூட்டுத்துயர். படமாளிகையிற் சமத்துவத்துடன் கூடிய தனித்துயர். முதலாளித்துவம் தந்ததும் பறித்ததும் இதனுள் அடங்கும்.

6. அமிர்தகழியிலிருந்து ஒரு கலைஞர்

இவ்வாவிக்கரையே தமிழ்ச் சினிமாவின் துயர்மொழியை மாற்றியமைத்த ஒரு கலைஞரைத் தந்தது. 1939இல் அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திரா, மட்டக்களப்பிற் கல்வி கற்று, பின் புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று, தென்னிந்தியத் திரையுலகில் நிலைபெற்றார், 2014இற் காலமானார். தேவதாசின் மரபு தமிழில் ‘வசந்த மாளிகை’ (1972), ‘வாழ்வே மாயம்’ (1982) எனத் தொடர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே அவர் வேறொரு வழியை நாடினார்.

‘அழியாத கோலங்கள்’ (1979), ஓர் ஆசிரியையின் மரணச் செய்தியில் தொடங்கி மூன்று சிறுவரின் நினைவுகளுக்குட் செல்கின்றது. அவர்களுள் ஒருவன் நீரில் மூழ்கி இறக்கின்றான். மரணத்தை உரத்த இசையாலன்றி, பின் தொடரும் வெறுமையால் உணர்த்தும் முறை அங்கு தோன்றுகின்றது. ‘மூன்றாம் பிறை’ (1982) இழப்பின் கொடுமையை உச்சத்துக்குக் கொண்டுசென்றது. தன்னை மறந்துவிட்டவளின் நினைவை மீட்க, புகையிரத மேடையில் நாயகன் குரங்குச் சேட்டை செய்து தோற்கும் இறுதிக்காட்சியில் துயரம் தன் மதிப்பையெல்லாம் இழந்து நிற்கின்றது. தேவதாசின் துயர் அழகுடையது. இதில் அழகு இல்லை. சுவைஞர் பொறாமைப்படத்தக்க எதுவும் அந்நாயகனிடம் இல்லை. இஃது ஒரு நேர்மையான முன்னேற்றம். ஆயினும் துயரின் காரணம் இங்கும் விபத்தே. சமூகம் பின்னணியாகவே நிற்கின்றது.

‘வீடு’ (1988) படத்திலேயே அவர் துயருக்கு முகவரி கண்டார். நடுத்தரக் குடும்பத்து உழைக்கும் பெண் சுதா வீடு கட்ட முனைகின்றாள். ஒப்பந்தக்காரன் ஏமாற்றுகின்றான்; அவனது திருட்டை வெளிப்படுத்தித் துணைநிற்பவள் கட்டடத் தொழிலாளியான மங்கம்மா. அரைகுறையாக எழுந்த வீட்டைக் கண்டு மகிழ்ந்த முதிய பாட்டனார் இறக்கின்றார். பின்னர் அந்நிலமே குடிநீர் வாரியத்துக்குரியதென்று அரச அதிகாரி அறிவிக்கின்றார். சுதா மதுவையோ மரணத்தையோ நாடவில்லை. நீதிமன்ற வழக்கை நாடிக் காத்திருக்கின்றாள். படம் தீர்வு கூறாது முடிகின்றது. சொக்கலிங்க பாகவதர் வாழ்ந்து காட்டிய அப்பாட்டனாரின் மரணம், தனிமனித மரணமாகவும் நகர நில உடைமையின் விளைவாகவும் ஒருங்கே தோன்றுகின்றது. கையில் ஆதாரத்துடன் அரசின் வாயிலில் நிற்கும் பெண் நமக்கு அந்நியமானவள் அல்லள். இயக்குநர் தம் ஊர்ச் சடங்கை மனதிற்கொண்டு இதனை அமைத்தார் என்று நாம் வாதிடவில்லை. யதார்த்தவாதம் தன் வழியிற் சென்று அதே வாயிலை அடைந்தது என்பதே நமது கருத்து.

எனினும் பாலு மகேந்திரா தாம் பிறந்த மண்ணின் போர்த்துயரைப் படமாக்கவில்லை. அவ்வெற்றிடம் நம்மை அடுத்த பகுதிக்கு இட்டுச் செல்கின்றது.

7. துயருக்கு அனுமதியில்லாத காலம்

சடங்காயினும் சினிமாவாயினும் துயரை வெளிப்படுத்தலாம் என்ற குறைந்தபட்ச உரிமையை எடுத்துக்கொள்கின்றன. மட்டக்களப்பிற் போர்க்காலம் அவ்வுரிமையையே பறித்தது. 1987 சனவரியிலும் 1991 யூனிலும் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் நிகழ்ந்த படுகொலைகள். 1990 செப்டெம்பர் 5ஆம் நாள் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோரிடையேயிருந்து படையினராற் கொண்டுசெல்லப்பட்டு மீளாத 150க்கு மேற்பட்டோர். அதே மாதம் சத்துருக்கொண்டானில் நடந்த படுகொலை. 1990 ஓகஸ்டிற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையின்போது கொல்லப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள், அதே மாதம் ஏறாவூரிற் கொல்லப்பட்டோர் என இப்பட்டியல் நீளும். கொன்றவர் வேறு வேறாயினர். அழும் உரிமை மறுக்கப்பட்ட நிலை பொதுவாயிருந்தது. காணாமற்போனவருக்குச் சடலமில்லை, சடலமில்லாதபோது பறையில்லை, எட்டில்லை, முப்பத்தொன்றில்லை. துயரின் காலக்கணக்கே தொடங்காது நின்றது.

1990களில் இங்கு கள ஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றிசியா லோறன்ஸ், அம்மன் கோயில்களில் உருவேறி வாக்குச் சொல்வோரிடம் காணாமற்போனோரின் உறவினர் திரண்டு சென்றதையும், தீமிதிப்போரும் நேர்த்தி வைப்போரும் பெருகியதையும் பதிவுசெய்துள்ளார். நீதிமன்றத்திற் கேட்க முடியாத வினா கோயிலிற் கேட்கப்பட்டது. மகன் இருக்கின்றானா இல்லையா என்பதற்கு அரசு கூறாத விடையைத் தெய்வம் கூறிற்று. இதனை மூடநம்பிக்கை என ஒதுக்குதல் எளிது. ஆனால் பேசுவது ஆபத்தாயிருந்த காலத்திற் பேசுவதற்கு எஞ்சியிருந்த இடம் அதுவே. அங்கு கேட்கப்பட்டது கண்ணகியின் வினாவே. அரசவை அடைபட்டிருந்தமையால் அது கோயில் முன்றிலிற் கேட்கப்பட்டது.

ஆழிப்பேரலை 2004 டிசெம்பர் 26இல் நாவலடியையும் கல்லடிக் கரையையும் அழித்தது. 2009இற் போர் முடிவுற்றது. 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் சிறுவர் பலர் உட்பட வழிபடவந்தோர் கொல்லப்பட்டனர். இவ்வாறு அடுக்கடுக்காகத் துயரம் குவிந்த ஒரு பிரதேசத்திற் சடங்கு தளர்ந்து, நீதி தாமதித்து, வேலையின்மையும் கடனும் பெருகியவிடத்துத் தேவதாசின் வழி மாத்திரமே தடையின்றித் திறந்திருந்தது. அவ்வழி தானாகத் திறக்கவில்லை. 2017இற் கல்குடாவுக்கு அண்மையிற் கும்புறுமூலையில் மதுசார உற்பத்தித் தொழிற்சாலை அமைக்கப்பட்டபோது பிரதேச மக்கள் அதற்கெதிராகக் குரலெழுப்பினர். செய்தி சேகரிக்கச் சென்ற ஊடகவியலாளர் தாக்கப்பட்டனர். துயரிலிருந்து தப்பிப்பதற்கான பொருள், துயருற்றவரின் ஊரிலேயே, இலாபத்தின் பொருட்டு உற்பத்தியாவதை அப்போராட்டம் வெளிச்சமிட்டது. வங்க ஜமீன்தாரின் மகன் பிறர் உழைப்பின் பணத்தில் தன்னை அழித்துக்கொண்டான். வாவிக்கரைக் கூலித் தொழிலாளியோ தன் உழைப்பின் பணத்தையும், பெரும்பாலும் தன் மனைவியின் உழைப்பின் பணத்தையும் கொடுத்தே அதனைச் செய்கின்றான். அவனுக்குச் சோகப்பாடலும் இல்லை.

சுய அழிவு தனிமனித விதியன்று என்பதற்கு இந்நாட்டின் வரலாறே ஒரு சான்று தருகின்றது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக, உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாயிருந்தது. மிகக்கொடிய நச்சுத்தன்மையுள்ள விவசாய இரசாயனங்கள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதைத் தொடர்ந்து, இருபது ஆண்டுகளுக்குள் அவ்வீதம் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. அக்காலத்திற் போரும் வறுமையும் நீடித்தன. மக்கள் மனம் திடீரெனத் தேறிவிடவில்லை. சந்தையில் எது விற்கப்படலாம் என்ற பொதுமுடிவு ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது. நிராசையின் கணம் கடக்கக்கூடியது. அதனைக் கடக்க உதவுவதும் உதவாததும் சமூக ஏற்பாடுகளே. தேவதாஸ் காவியம் மறைக்கும் உண்மை இதுவே.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துகளைத் தொகுத்துரைக்கலாம். முதலாவது, துயரம் வெளிநோக்கி நீதியை நாடுவதும் உள்நோக்கி அழிவை நாடுவதும் தனிமனித மனவலிமையினாற் தீர்மானிக்கப்படுவதில்லை. வாயில் திறந்திருக்கின்றதா அடைபட்டிருக்கின்றதா என்பதே தீர்க்கமான காரணி. இரண்டாவது, பழைய கூட்டுத்துயரின் வடிவங்களை அப்படியே மீட்டெடுக்க இயலாது, மீட்டெடுக்கவும் கூடாது. அவற்றினுள் இருந்த சாதிக்கடமையையும் வரிசைமுறையையும் களைந்து, ஊர் கூடிக் குளிர்விக்கும் பொறுப்பை மாத்திரம் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டியுள்ளது. மூன்றாவது, கூட்டுத்துயர் இன எல்லையில் நின்றுவிடுமாயின் அது அடுத்த அழிவுக்கு விதையாகும். சத்துருக்கொண்டானுக்கு அழுபவர் காத்தான்குடிக்கும், காத்தான்குடிக்கு அழுபவர் சத்துருக்கொண்டானுக்கும் அழக் கற்றுக்கொள்ளும்வரை இவ்வாவியின் துயர் முழுமையாகச் சொல்லப்பட்டதாகாது. தாய்வழிக் குடியைப் பகிர்ந்துகொண்ட இரு சமூகங்களுக்கு இது இயலாத காரியமன்று.

இம்மண்ணிலிருந்து எழவேண்டிய திரைப்படமும் நாடகமும் நாவலும் இனிமேல்தான் பெருமளவில் வரவேண்டியுள்ளன. அவை இருண்மையானவையாக இருத்தல் குற்றமன்று. நேர்ந்தது இருண்டதாயின் கலை வெளிச்சம் பூசுதல் பொய்யாகும். ஆனால் அழிபவனின் அழிவை அழகாக்கி, அவனைச் சூழ்ந்தோரைக் கதவுக்குப் பின்னே நிறுத்தும் கலைக்கு இனி இங்கு இடமிருத்தலாகாது. 2017 முதலாக வடக்கிலும் கிழக்கிலும் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் புகைப்படங்களை ஏந்தித் தெருவோரங்களில் அமர்ந்தனர். அப்புகைப்படம் சிலம்பைப் போன்றதொரு சான்று. அதனை யாரிடம் காட்டுவது என்பதில் அவர்களுக்கு மயக்கமில்லை. அவர்கள் கேட்கும் கேள்வியை மங்காது எடுத்துச் செல்வதே நமது கலைஞரதும் ஆய்வாளரதும் பணியாகும்.